சோழவரம் ஓடின ஹெரால்டு: முன்சக்கர டிரனியன் யார்கிட்டயாவது இருக்கா?

பாளை_ஹெரால்டு எழுதியது:

நேரா விஷயத்துக்கு வாறேன். எங்க பெரியப்பா வச்சிருந்த ரெண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இப்ப என் பொறுப்புல இருக்கு. எழுபதுகள்ல மெட்ராஸ் பக்கம் சோழவரத்துல நடந்த ரேஸுல ஓடின வண்டி. பெரியப்பா ஓட்டல, ஓட்டினவர்கிட்ட இருந்து விலைக்கு வாங்கினாவ. பின்சீட் கிடையாது. வண்டி கவுந்தா ஆளைக் காக்குற ரோல் பார் நட்டதுக்குத் தளத்துல தகடு வச்சு வெல்டு அடிச்சிருக்கு. ஒத்தை சோலெக்ஸ் கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்துல ரெட்டை எஸ்.யூ. நிக்குது. பின்னால குறுக்கு ஸ்பிரிங்கை யாரோ நல்லாவே இறக்கியிருக்காவ.

ஜாக்கி போட்டுத் தூக்கி முன்சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம். கழட்டிப் பார்த்தா கீழ் டிரனியன் (முன்சக்கரத்தைத் தாங்குற கம்போட அடிநுனி திருகி உக்கார்ற வெண்கலத் துண்டு) ரெண்டுலயும் மரை, அதாவது திருகு வெட்டு, தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிட்டு. வலது பக்கத்துல உள்ளுக்குள்ள காஞ்ச கிரீஸ் கட்டி கட்டியா கிடக்கு. போதாக்குறைக்கு, கார்புரேட்டர்ல இருந்து எஞ்சினுக்குப் போற அலுமினியக் குழாய், அந்த இன்டேக் மேனிஃபோல்டுல ரெண்டாவது கார்புரேட்டர் உக்கார்ற ஃபிளாஞ்சுல ஒரு வெடிப்பு. நகத்தை வச்சு இழுத்தா தட்டுப்படுது.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் யார் கொட்டகையிலயாவது ஹெரால்டு சாமான் கிடந்தா சொல்லுங்க. சோழவரம் பார்த்த பெரியவங்க இருந்தா நினைவிருக்கிறதையும் எழுதுங்க. கதவுல பெயின்ட் சுரண்டும்போது அடியில ஒரு வெள்ளை வட்டமும் அதுக்குள்ள 27ங்கிற எண்ணும் வந்திருக்கு. அதப் பத்தி யாருக்காவது தெரியுமா?

ஃபியட்_பத்மினி எழுதியது:

ஹெரால்டா? நீங்க ஒரு பக்கம் போனா சக்கரம் ஒரு பக்கம் போகுமே, அந்த வண்டிதானே? எங்க தாத்தா ஹெரால்டுக்குப் பின்னால வண்டி ஓட்டவே மாட்டாரு. கிண்டல்தான் வே, கோவிச்சுக்கிடாதீரும். பத்மினிக்கு மாறிட்டீர்னா சாமானுக்கு அலைய வேண்டாம். 2000 வரைக்கும் தயாரிப்புல இருந்த வண்டி, மும்பையில அத்தனை வருஷம் டாக்ஸியா ஓடின புண்ணியத்துல சாமான் இன்னும் கிடைக்கும்.

அம்பை_பழசு எழுதியது:

தம்பி பாளை, மொதல்ல அந்த ஃபியட்டுக்காரருக்குப் பதில் சொல்லிட்டு உங்கிட்ட வாறேன்.

ஹெரால்டுக்கு அந்தக் கெட்ட பேரு வந்தது வண்டியால இல்ல, நம்ம ஊரு கிரீஸ் கன்னால. முன்சக்கரத்தைத் தாங்குத இரும்புக் கம்பு இருக்குல்லா, வெர்டிகல் லிங்க், அதோட அடிநுனியில மரை வெட்டியிருக்கும். அந்த மரை போயி வெண்கல டிரனியனுக்குள்ள திருகி உக்காரும். நீ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கம்பு டிரனியனுக்குள்ள, நட்டுக்குள்ள போல்ட்டு மாதிரி சுத்துது. வண்டியோட முன்பாரம் அந்த மரை வழியாத்தான் கீழ போவுது. அதுக்குக் கம்பெனிக்காரன் சொன்னது 90ஆம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் இல்ல. ஆயில்னாத்தான் மரையில ஏறி மேல வரைக்கும் போவும். கிரீஸ் உள்ள போயி ஒரு மூலையில உக்காந்து காஞ்சி கல்லாயிரும். பொறவு மழைத்தண்ணி மேல் சீல் வழியா இறங்கும். இரும்பு துருப்பிடிக்கும், மரையோட மேல் முனையில குழி விழும், ஒரு நாள் குழியில இருந்து கீறல் ஓடி முறிஞ்சிரும். சக்கரம் உள்ள மடங்கி வண்டி மூக்கு குப்புற விழும்.

ஆனா நம்ம பட்டறையில என்ன நடந்துச்சு? நிப்பிள் எங்க கண்டாலும் கிரீஸ் கன்னை வச்சு அமுக்குனானுவ. அம்பாசடருக்கு அடிக்கான், லாரிக்கு அடிக்கான், அப்படியே இதுக்கும் அடிச்சான். நான் வேலை படிச்ச எடத்துல எங்க மேஸ்திரி மட்டும் தனியா ஒரு கன்னுல ஆயிலை ஊத்தி வச்சு, அதுக்குச் செவப்பு பெயின்ட் அடிச்சு ஆணியில மாட்டியிருப்பாரு. அந்தக் கன்னை வேற வண்டிக்கு எடுத்தா மண்டையில குட்டு விழும். அவரு பார்த்த ஹெரால்டு எதுவும் சக்கரம் மடங்கி நான் பாத்ததில்ல.

டிரனியன் எங்கிட்ட இல்ல. இருந்த பெட்டியைப் பழைய இரும்புக்காரன்கிட்ட எங்க வீட்டுல போட்டுட்டாவ. சவத்த நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

பாளை_ஹெரால்டு எழுதியது:

அண்ணாச்சி, இத்தனை நாளு யாரும் இப்படி விளக்கிச் சொல்லல. இடது பக்கத்துல கிரீஸ் இல்ல, ஆயில் பிசுக்குதான் இருக்கு, ஆனா அங்கயும் மரை போயிட்டு. அது ஏன்?

அம்பை_பழசு எழுதியது:

அடிப்பக்கம் ஒரு தகடு வச்சு அடைச்சிருக்கும் பாரு. அது வழியா ஆயில் கசிஞ்சு போயிரும். ஊத்தி ஒரு வாரத்துல தரையில சொட்டு நின்னா அந்தத் தகட்டைச் சுத்தி ஈயம் வச்சுப் பத்தணும். வெளிநாட்டுலயும் அப்படித்தான் செய்யுதாவன்னு கேள்வி. ரேஸ் வண்டின்னா சும்மாவே ரெண்டு மடங்கு தேயும்.

லேத்து_பேட்டை எழுதியது:

வணக்கம். பேட்டையில லேத்து போட்டிருக்கேன், பம்பு ஷாஃப்டு, டிராக்டர் சாமான்தான் நமக்குச் சோறு. நீங்க போட்ட டிரனியன் போட்டோவைப் பார்த்தேன். செய்யலாம். ஆனா சும்மா நட்டு கடையிற வேலைன்னு நினைச்சிராதீங்க.

ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை. மாத்திப் போட முடியாது. இடது மரையை ஓட்டைக்குள்ள வெட்டணும்னா டூலை அடியில கொண்டு வச்சு வெளிய இழுத்துட்டு வரணும். அடி அடைச்ச ஓட்டைன்னா டூல் நிக்க இடம் வேணும், அதுக்கு உள்ள ஒரு காடி வெட்டணும், கண்ணுக்குத் தெரியாத இடத்துல கை நிதானத்துல செய்யுற வேலை. நான் என்ன நினைக்கேன்னா, ஓட்டையை மொத்தமா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஊடுருவ விட்டுட்டு மரை வெட்டிக்கிட்டு, கடைசியா அடியில தகடு வச்சு அடைச்சிரலாம். அண்ணாச்சி சொன்னதப் பார்த்தா கம்பெனி வச்சதும் அதே மாதிரிதான் இருக்கு.

ரெண்டாவது, டிரனியனை மட்டும் கொண்டு வராதீங்க. வெர்டிகல் லிங்கும் வேணும். அந்தக் கம்புல மரை எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்த்து அதுக்குத் தக்கனதான் உள்மரை. கம்பு போயிருந்தா புது டிரனியன் போட்டும் அதே டொக்கு டொக்குதான்.

காத்தாடி_முப்பந்தல் எழுதியது:

அந்தக் கம்புல கீறல் இருக்கான்னு பார்க்காம தயவுசெஞ்சு லேத்துக்குப் போகாதீங்க. நான் காத்தாலையில வேலை. போல்ட்டுல கீறல் தேடுறதுதான் எங்க பொழப்புல பாதி.

மலிவான வழி டை பெனட்ரன்ட். மூணு ஸ்பிரே டப்பா: கழுவுறது, சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். மரையில இருக்க எண்ணெய் பிசுக்கு மொத்தமும் போகணும், இல்லேன்னா சாயம் கீறலுக்குள்ள இறங்காது. சாயத்தை அடிச்சுட்டு ஊற விடணும், அவசரப்படக் கூடாது. துணியால துடைச்சு, டெவலப்பர் தூவினா கீறல் இருக்க இடத்துல வெள்ளைக்கு மேல சிவப்புக் கோடு மெதுவா கசிஞ்சு வரும். மரையோட பள்ளத்துல சாயம் தங்கி சும்மா ஒரு கோடு காட்டும், அதப் பார்த்துப் பயந்துராதீங்க. மரைக்குக் குறுக்க ஓடினாலோ, ஒரே பள்ளத்துல மட்டும் தடிச்சு வந்தாலோ சந்தேகப்படணும். இது இரும்புங்கிறதால காந்தத் துகள் சோதனை இன்னும் நல்லது. தோலுக்குக் கொஞ்சம் கீழ இருக்கதையும் காட்டிரும். ஞாயித்துக்கிழமை வள்ளியூர் பக்கம் வந்தீங்கன்னா நானே பார்த்துத் தாறேன். காசு வேண்டாம், வண்டியில ஒரு சுத்து கூட்டிட்டுப் போனாப் போதும்.

தெக்கத்தி_மச்சான் எழுதியது:

அம்பாசமுத்திரம் பக்கத்துலயே வாகைக்குளத்துல வெண்கல வேலை செய்யுற குடும்பங்க இருக்கே. பழசை அச்சா வச்சு ரெண்டு ஊத்தச் சொன்னா ஊத்திர மாட்டாங்களா? லேத்து செலவு மிச்சம். ஊர்க்காரங்களுக்கும் வேலை.

கோவை_வார்ப்பு எழுதியது:

//பழசை அச்சா வச்சு ரெண்டு ஊத்தச் சொன்னா//

நல்ல எண்ணம்தானுங்க, ஆனா அந்த உலோகம் இதுக்கு ஆகாது. மணி வெண்கலம்னா சுமார் 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். அவ்வளவு வெள்ளீயம் இருக்கிறதாலதான் தட்டினா கணீர்னு கேக்குது, அதே காரணத்தாலதான் ஓங்கி அடி பட்டா சில்லா உடையுது. ரோட்டுப் பள்ளத்துல சக்கரம் இறங்குற அடியை வாங்குற இடத்துல அத வைக்கவே கூடாது. கன்மெட்டல்னு நாங்க ஊத்துறது 85 செம்பு, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலைக்கு 5. புஷ்ஷுக்கு, வால்வுக்கு ரொம்ப நல்லது. ஆனா அதுலயும் மணல் அச்சுல ஊத்தினா உள்ளுக்குள்ள பொடித்துளை விழ வாய்ப்பிருக்கு. ரெண்டே ரெண்டு பீஸுக்கு அச்சு செஞ்சு, சுருங்குறதுக்கு நூத்துக்கு ஒண்ணரை கூட்டி, ஊத்தி, உடைச்சுப் பார்த்து... தலைவலி. ஒரு கட்டி பாஸ்பர் பிரான்ஸோ அலுமினியம் பிரான்ஸோ வாங்கி மில்லிங்ல கடைஞ்சிருங்க. அலுமினியம் பிரான்ஸ் பலம் கூடுதல், ஆனா டூலைத் தின்னும். பேட்டைக்காரர் எதுல வசதின்னு சொல்லட்டும். இருபது ஜோடி வேணும்னு ஆள் சேர்ந்தா அப்ப வார்ப்பு பேசலாம்.

பழைய டிரனியனையே அச்சா வச்சு மணல்ல அமுக்கினா வர்ற பீஸ் பழசைவிடச் சின்னதாத்தான் இருக்கும், அதையும் சொல்லிர்றேன்.

லேத்து_பேட்டை எழுதியது:

பாஸ்பர் பிரான்ஸ் போதும். கம்பு கெட்டிச் சாமான், விலை கூடினது. தேயணும்னா டிரனியன் தேயட்டும், அது மறுபடி செஞ்சுக்கிடலாம்.

கவென்ட்ரி_நெல்லைக்காரன் எழுதியது:

ஊரு மேலப்பாளையம், இப்ப இருக்கது இங்கிலாந்துல, ஹெரால்டை முதல்ல செஞ்ச டிரையம்ப் கம்பெனி இருந்த ஊர்ல. இங்க ஹெரால்டு 1959ல வந்து 1971ல நின்னுபோச்சு, வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலாட்டி. ஆனா அதே முன்பக்க அமைப்பை டிரையம்ப்போட ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் போட்டாங்க, அது 1980 வரை வந்துச்சு. அதனால டிரனியன் இங்க இன்னைக்கும் புதுசா செஞ்சு விக்கிறாங்க. வாங்கி அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. புதுசுன்னு வர்ற எல்லாம் ஒரே தரம் இல்ல. நான் கையில வாங்கிப் பார்த்ததுல ஒண்ணு புதுசுலயே ஆட்டம், இன்னொண்ணு கையால திருக முடியாத இறுக்கம். இந்தியாவுல வந்த மாடலுக்கும் இங்க உள்ளதுக்கும் சின்னச் சின்ன அளவு மாறியிருக்கலாம், அளக்காம ஆர்டர் போட வேண்டாம். தூத்துக்குடியில கஸ்டம்ஸ் என்ன கேப்பாங்கன்னும் யோசிச்சுக்கோங்க.

பாளை_ஹெரால்டு எழுதியது:

நன்றி அண்ணே. விலை, வரி எல்லாம் கூட்டிப் பார்த்தா பேட்டையில செய்யுறதே மேல்னு தோணுது. வெர்டிகல் லிங்க் இங்க கிடைக்கலேன்னா உங்ககிட்டதான் வருவேன்.

தெக்கத்தி_மச்சான் எழுதியது:

வண்டி மராமத்து பேசுறோம், நம்ம ஊர்ப் பெருமையையும் ஒண்ணு சொல்லிக்கிடுறேன். தென்னாட்டுல பஸ்ஸும் சாமான் கடையுமா ஒரு சாம்ராஜ்யமே கட்டின டி.வி. சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடிக்காரர். 1877ல பிறந்தவர். மதுரைக்காரங்க தங்க ஆள்னு சொல்லுவாங்க, விட்டுக்குடுக்காதீங்க!

ஃபியட்_பத்மினி எழுதியது:

இங்க டிரனியனுக்கு வழியக் காணோம், உமக்குத் திருக்குறுங்குடி கேக்குதாக்கும். அம்பை அண்ணாச்சி, நீங்க சோழவரம் போயிருக்கீங்களா? அதச் சொல்லுங்க.

அம்பை_பழசு எழுதியது:

போயிருக்கேன். ஓட்டினவனா இல்ல, ஸ்பேனர் எடுத்துக் குடுக்குத பயலா. எங்க மேஸ்திரியை மெட்ராஸ்ல ஒருத்தர் ஹெரால்டு எஞ்சினுக்குன்னே கூப்பிடுவாரு, நான் கூடப் போவேன். அப்ப மீட்டர் கேஜ். எழும்பூர்ல இறங்கி, செங்குன்றம் தாண்டி சோழவரம். யுத்த காலத்துல வெள்ளக்காரன் போட்ட விமான ஓடுதளம்லா அது. சினிமாவுல காட்டுத ரேஸ் டிராக் மாதிரி புல்லும் வேலியுமா இருக்கும்னு நினைச்சுப் போனேன். வெயில்ல வெளுத்த காங்கிரீட்டு, ஓரத்துல வைக்கோல் கட்டு, அம்புட்டுத்தான். ஆனா சனம்! மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பு 1953ல ஆரம்பிச்சது, அவியதான் அங்க ரேஸ் நடத்துனாவ. திருவிழாக் கூட்டம் தோத்துரும்.

ஓடுதளம்ங்கிறதால நேர்ரோட்டுல எல்லாவனும் ராசா. ஹேர்பின் வளைவு வந்தாத்தான் யாரு ஆளுன்னு தெரியும். காங்கிரீட்டுல சந்து சந்தா இருக்கும், அதுல ஏறி இறங்கும்போது வண்டி துள்ளும். ஹெரால்டுக்குப் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். ரெண்டு சக்கரமும் டிஃபரன்ஷியல்ல இருந்து சிறகு மாதிரி தனித்தனியா ஆடும். வளைவுல வேகமா போயிட்டுப் பயந்துபோயி ஆக்சிலரேட்டர்ல இருந்து காலைச் சட்டுனு எடுத்தேன்னு வையி, பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் வயித்துக்கடியில மடங்கும், வண்டி பம்பரம் சுத்தும். அதுக்குத்தான் குறுக்கு ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சு நிக்கிற மாதிரி வைப்பாவ. உன் வண்டியில இறக்கியிருக்குன்னு சொன்னியே, அது ஷோக்குக்கு இல்ல. உயிருக்கு. மறுபடி ஏத்திராத.

எண்பதுகள்ல விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டாந்து அங்க ஓட்டினாரு. காஸ்வர்த் வி8. அதுவரைக்கும் நாங்க கேட்ட பெரிய சத்தம் புல்லட்டும் சைலன்சர் கழட்டின அம்பாசடரும். அது ஸ்டார்ட் ஆனப்போ எங்க மேஸ்திரி காதைப் பொத்தல, கண்ணை மூடிக்கிட்டாரு. எத்தனை சிலிண்டர் ஒழுங்கா அடிக்கின்னு எண்ணுதாராம்! கோட்டிக்கார மனுசன்.

கோவை_வார்ப்பு எழுதியது:

எங்க ஊர் கரிவரதனையும் சொல்லாம விட முடியாதுங்க. சோழவரத்துல ஓட்டினவர், ஓட்டினதோட நிக்காம மாருதி 800 எஞ்சினை வச்சு ஒத்தை சீட் ஃபார்முலா மாருதி காரை வடிவமைச்சுக் குடுத்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைங்க மட்டும் ஓட்டுறதுன்னு இருந்தது அதோட கொஞ்சம் மாறுச்சு. 1995ல விமான விபத்துல போயிட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற டிராக்குக்கு அவர் பேருதான். 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயனும் எங்க ஊருங்க.

காத்தாடி_முப்பந்தல் எழுதியது:

சோழவரம் முடிஞ்சு 1990ல ரேஸ் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு மாறுச்சுன்னு படிச்சிருக்கேன். நம்ம பக்கத்துலயும் கயத்தாத்துல அதே மாதிரி பழைய ஓடுதளம் சும்மாத்தானே கிடக்கு. அங்க ஒரு நாள் பழைய வண்டிகளை ஓட்ட அனுமதி கேட்டா என்ன?

ஃபியட்_பத்மினி எழுதியது:

கேக்கலாம். பதில் வர்றதுக்குள்ள ஹெரால்டு மறுபடி துருப்பிடிச்சிரும்.

பாளை_ஹெரால்டு எழுதியது:

வள்ளியூர் போயிட்டு வந்தேன். இடது கம்பு சுத்தம். வலது கம்புல மரை முடியுற இடத்துல சிவப்புக் கோடு தடிச்சு வந்துச்சு, கிரீஸ் அடைச்சிருந்த அதே பக்கம். காத்தாடி அண்ணன் பூதக்கண்ணாடி வச்சுக் காட்டினாரு. வெறுங்கண்ணால பார்த்தா பளபளன்னு நல்ல கம்பு மாதிரியே இருக்கு. நான் அதோடதான் கொட்டகையில இருந்து பாளைக்கு ஓட்டிட்டு வந்தேன். கவென்ட்ரி அண்ணே, வலது வெர்டிகல் லிங்க் ஒண்ணு பாருங்க. பழசானாலும் சரி, சோதிச்சது வேணும்.

மேனிஃபோல்டுக்கு யாராவது வழி சொல்லுங்க. டவுன்ல ஒரு வெல்டர்கிட்ட காட்டினா எம்-சீல் வச்சுக்கோன்னு சொல்லிட்டாரு.

காத்தாடி_முப்பந்தல் எழுதியது:

எம்-சீலா! பெட்ரோல் பட்டு, சூடு பட்டு எத்தனை நாள் நிக்கும்? பக்கத்துலயே எக்ஸாஸ்ட் இருக்கு.

ஏ.சி. டிக் வெல்டிங்தான் வழி. ஆனா அந்த அலுமினியம் அம்பது வருஷமா பெட்ரோலும் எண்ணெயும் குடிச்சது. நேரா ஆர்க்கை வச்சா கறுப்பா பொங்கும், துளை துளையா வரும். முதல்ல நல்லாக் கழுவி, அடுப்புல வச்சு சுட வைக்கணும், எண்ணெய் வியர்த்து வெளிய வரும், துடைச்சுட்டு மறுபடி சுடணும். பெட்ரோல் வாசனை இருக்கும்போது அடுப்புக்கிட்டயே கொண்டு போகாதீங்க. வெடிப்போட ரெண்டு முனையிலயும் பொடித்துளை போட்டுட்டா கீறல் மேல ஓடாது. வெடிப்பை 'வி' மாதிரி சாணை பிடிச்சுத் திறந்து, 4043ங்கிற அலுமினிய வெல்டிங் கம்பி வச்சு கொஞ்சம் கொஞ்சமா நிரப்பணும். வெல்டு ஆனதும் ஃபிளாஞ்சு கோணிக்கும். கண்ணாடி மேல எமரி பேப்பரை ஒட்டி எட்டு போட்டுத் தேச்சு மட்டம் பார்க்கணும்.

அம்பை_பழசு எழுதியது:

எங்க காலத்துல டிக் ஏது. கேஸ் வெல்டிங்கு, ஃபிளக்ஸ் பொடி. அலுமினியம் இரும்பு மாதிரி பழுத்து நிறம் காட்டாது, பார்த்துக்கிட்டே இருக்கையில பொத்துனு உருகி விழுந்துரும். அதுக்கு எங்க மேஸ்திரி பார் சோப்பை எடுத்து மேல தேச்சிருவாரு. சோப்பு பழுப்பாகி கறுக்க ஆரம்பிச்சா சூடு போதும், சுடரை விலக்குன்னு அர்த்தம். பட்டறை முழுக்கத் துவைக்கிற கல்லு வாசனை அடிக்கும்.

மேனிஃபோல்டு மாட்டினதும் ரெட்டை எஸ்.யூ.வைச் சமன் பண்ணணும்லா. மீட்டர் எதுவும் வாங்காத. ஒரு முழம் ரப்பர் டியூப்பை எடு. ஒரு முனை காதுல, ஒரு முனை கார்புரேட்டர் வாயில. உஸ்ஸுங்கிற சத்தம் ரெண்டுலயும் ஒரே மாதிரி கேக்கணும். மேல டேம்பர்ல எண்ணெய் இருக்கான்னு பாரு. அது காஞ்சி கிடந்தா ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் வண்டி இருமும். அப்புறம் இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்துருக்கு, பழைய ரப்பர் ஹோஸ் இளகிப் போவும். மொத்தத்தையும் மாத்திரு.

இன்னொண்ணு, எஞ்சின் இறக்குறதுக்கு முன்னால இத செய். ஒருத்தரை உள்ள உக்கார வச்சு கிளட்சை மிதிக்கச் சொல்லிட்டு முன்னால கிராங்க் புல்லியைப் பாரு. மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னுக்கு நகர்ந்தா, கிராங்கை முன்பின் நகராம பிடிக்குத திரஸ்ட் வாஷர் தேஞ்சிட்டு. அது கழண்டு ஆயில் சம்புல விழுந்தா கிராங்கு பிளாக்கையே அறுத்துரும். டிரையம்ப் எஞ்சினுக்கு இது பிறவிக் குறை.

தெக்கத்தி_மச்சான் எழுதியது:

27ஆம் எண் கதை என்னாச்சு? பழைய ரேஸ் படங்கள்ல தேடினா ஓட்டினவர் யாருன்னு தெரிஞ்சிருமே. வண்டிக்கு மதிப்பு எங்கயோ போயிரும்.

அம்பை_பழசு எழுதியது:

அந்த நம்பரை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது மக்கா. ஒவ்வொரு ரேஸுக்கும் நம்பர் மாறும். முந்தின நாள் ராத்திரி சைன்போர்டு எழுதுத ஆளைக் கூட்டியாந்து எழுதுவோம், சில நேரம் கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டுவோம். ஒரே வண்டி மேல மூணு நம்பர் ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்கும். இன்னும் சுரண்டினா அடியில வேற நம்பர் வந்தாலும் வரும்.

ஃபியட்_பத்மினி எழுதியது:

அப்போ சுரண்டாதீங்க. அந்தக் கதவை அப்படியே விடுங்க, மேல கிளியர் கோட் மட்டும் அடிங்க. இப்ப பழைய வண்டி வச்சிருக்கவன் எல்லாம் புது வண்டி மாதிரி பளபளன்னு ஆக்கி, ரேஸ் ஓடின அடையாளத்தையே அழிச்சுப்புட்டு, பொறவு ஸ்டிக்கர் கடையில நம்பர் வாங்கி ஒட்டுதான். ஃபியட்டுக்காரன் சொல்லுதேன்னு பார்க்காதீங்க.

பாளை_ஹெரால்டு எழுதியது:

கதவு அப்படியே இருக்கட்டும்னுதான் முடிவு. ரோல் பார் தகடும் இருக்கும், பின்சீட் போடச் சொல்லி வீட்டுல சொல்லுறாங்க, போடப் போறதில்ல. ஆனா பிரேக், டிரனியன், ஹோஸ், டயர் இதுல எல்லாம் பழசு மேல பாசம் கிடையாது. புதுசுதான்.

கவென்ட்ரி அண்ணன் அனுப்பின வலது கம்பு வந்து, முப்பந்தல்ல சோதிச்சு, பேட்டையில அதுக்குப் பொருத்தமா உள்மரை வெட்டியாச்சு. இடது மரை வெட்டும்போது நானும் பக்கத்துல நின்னேன். சுழல் சுழலா பொன்நிறத்துல சுருள் வந்து விழுந்துச்சு, கடைசி வெட்டு முடிச்சுட்டு ஒரு சொட்டு ஆயிலை விட்டுத் திருகினாரு. ரெண்டு விரலால சுத்துது, ஆனா இழுத்து ஆட்டினா அசையல. மாட்டும்போது முழுசா திருகி இறுக்கிட்டு, ரெண்டு பக்கமும் ஸ்டியரிங் முழுசா திரும்புற அளவுக்குக் கொஞ்சம் பின்னால எடுத்து விட்டிருக்கு. ஜாக்கியில தூக்கி ஆட்டினேன், டொக்கு சத்தம் போயிட்டு. மேனிஃபோல்டு வெல்டும் முடிஞ்சுது, மட்டம் தேய்க்கிற வேலை பாக்கி.

கோவில்பட்டி_கேசல் எழுதியது:

இழை முழுக்கப் படிச்சேன். எங்கிட்ட ஹெரால்டுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்டு கேசல் ஒண்ணு இருக்கு. பேட்டை அண்ணாச்சி எனக்கும் ஒரு ஜோடி டிரனியன் கடைஞ்சு தருவாரா? பின் ஆக்சிலும் சத்தம் போடுது.

லேத்து_பேட்டை எழுதியது:

தருவேன். ஹெரால்டு அளவை வச்சு கேசலுக்கு வெட்ட மாட்டேன், உங்க கம்பைக் கொண்டு வாங்க, அதுவும் முப்பந்தல்ல சோதிச்சுட்டு வாங்க. உள்ள கிரீஸ் இருந்தா நீங்களே மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு கழுவிருங்க, என் பையன் அந்த வேலை செய்ய மாட்டேங்கிறான். பின் ஆக்சில் கேசல்ல ஸ்விங் கிடையாது, ஒரே குழலா வர்ற சாதா ஆக்சில், அது அம்பை அண்ணாச்சிகிட்ட கேளுங்க.

அம்பை_பழசு எழுதியது:

சத்தம் எப்ப வருது? ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? அத மொதல்ல சொல்லு.